கடன் பட்ட தேசங்கள் – 11: ஏதென்ஸ் இட்ட கையொப்பம்

கிரேக்கத்தின் கடன் அந்த நாட்டைவிட மூத்தது. ஒட்டோமான் பேரரசை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1824இலும் 1825இலும், கிரேக்கக் கிளர்ச்சியாளர்கள் லண்டன் சந்தையில் இரண்டு கடன்கள் வாங்கினார்கள். முதலாவது 8 லட்சம் பவுண்டு, இரண்டாவது 20 லட்சம் பவுண்டு. இவை பத்திரத்தில் எழுதப்பட்ட தொகைகள். நூறு பவுண்டுப் பத்திரம் முதல் முறை 59 பவுண்டுக்கும், அடுத்த முறை 55½ பவுண்டுக்கும்தான் விற்றது. தரகும் முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வட்டியும் போக, கைக்கு வந்தது இன்னும் குறைவு. 1827இல் தவணை நின்றது. தனி நாடு என்று வல்லரசுகள் ஒப்புக்கொள்ளும் முன்பே கிரேக்கம் கடன் தவறிய தரப்பாகிவிட்டது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் நடந்தது இதைவிடப் பெரிது. பிரதமர் ஹரிலாவோஸ் திரிகூபிஸ் வெளிநாட்டுக் கடனைக் கொண்டு ரயில் பாதைகளும் சாலைகளும் போட்டார். அவர் காலத்தில் தோண்டத் தொடங்கிய கொரிந்த் கால்வாய் 1893இல் திறக்கப்பட்டது. கடனை அடைக்க நாடு நம்பியிருந்தது உலர்திராட்சை ஏற்றுமதியை. பூச்சியால் அழிந்திருந்த பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்கள் மறுபடி தழைத்ததும் கிரேக்க உலர்திராட்சையின் விலை சரிந்தது. கால்வாய் திறந்த அதே ஆண்டு டிசம்பரில் அரசு திவாலை அறிவித்தது. நான்கு ஆண்டு கழித்துத் துருக்கியோடு ஒரு போர். ஒரே மாதத்தில் தோல்வி, 40 லட்சம் துருக்கிப் பவுண்டு நஷ்டஈடு. அதைக் கட்டவும் கடன்தான் வாங்க வேண்டியிருந்தது.

அந்தக் கடனோடு சேர்ந்து, 1898இல், ஆறு வல்லரசுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த சர்வதேச நிதி ஆணையம் ஏதென்ஸுக்கு வந்தது. உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சீட்டுக்கட்டு, சிகரெட் தாள், நக்ஸோஸ் தீவில் வெட்டியெடுக்கும் எமரிக்கல் ஆகியவற்றை விற்கும் ஏகபோக வருவாயும், புகையிலை வரியும், முத்திரைத்தாள் வரியும், பிரேயஸ் துறைமுகச் சுங்கமும் நேராக ஆணையத்தின் கைக்குப் போயின. கடன் கொடுத்தவர்களின் பங்கு போக மிச்சம்தான் அரசுக்கு. சென்ற பகுதியில் கண்ட எகிப்துக்கு 1876இல் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 1932இல் உலகப் பெருமந்தத்தின் நடுவே கிரேக்கம் இன்னொரு முறை தவணை தவறியது. இத்தனை அனுபவமும் இருபத்தோராம் நூற்றாண்டில் கடன் வாங்கியவருக்கும் உதவவில்லை, கொடுத்தவருக்கும் உதவவில்லை.

யூரோ தந்த மலிவுக் கடன்

2001 ஜனவரி 1 அன்று கிரேக்கம் யூரோவில் சேர்ந்தது. 340.75 டிராக்மாவுக்கு ஒரு யூரோ என்று மாற்று விகிதம் நிலைத்தது. 1990களின் நடுப்பகுதியில் இரட்டை இலக்க வட்டி கேட்ட சந்தை, இப்போது ஏறக்குறைய ஜெர்மனிக்குக் கொடுக்கும் வட்டிக்கே கிரேக்கத்துக்கும் கடன் கொடுத்தது. நாணயம் ஒன்றானால் நாணயத்தை அச்சிடும் நாடுகளின் பொறுப்பும் ஒன்றாகிவிடும் என்று வங்கிகள் தாமாகவே முடிவு செய்துகொண்டன. யூரோவின் அடிப்படை ஒப்பந்தமோ ஒரு நாட்டின் கடனுக்கு இன்னொரு நாடு பொறுப்பல்ல என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

அந்த மலிவுப் பணத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் உயர்ந்தன. 2004 ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஜெர்மானிய, பிரெஞ்சு நிறுவனங்களின் கார்களும் ஆயுதங்களும் வந்து இறங்கின. வரி வசூல் மட்டும் செலவோடு சேர்ந்து உயரவில்லை. கணக்கும் நேராக இல்லை. 2001இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியோடு செய்த நாணய மாற்று ஏற்பாடு ஒன்று ஏறத்தாழ 280 கோடி யூரோ கடனைக் கணக்கிலிருந்து மறைத்தது. 1997 முதல் பற்றாக்குறை குறைத்துக் காட்டப்பட்டு வந்தது என்பது 2004இலேயே வெளியானது. அப்போது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வட்டி வந்துகொண்டிருந்தது.

2009 அக்டோபர் தேர்தலில் பாசோக் கட்சியின் ஜார்ஜ் பாப்பன்ட்ரூ பிரதமரானார். பதவியேற்ற சில நாட்களிலேயே அவருடைய நிதியமைச்சர், அந்த ஆண்டின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்தைத் தாண்டும் என்று சொல்ல நேர்ந்தது. முந்தைய அரசு சொல்லி வந்த அளவைப் போல அது இரு மடங்கு. பின்னர் நடந்த தணிக்கையில் அது 15 சதவீதத்தையும் தாண்டியது. திருத்திய கணக்கை வெளியிட்ட புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர்மீது, பற்றாக்குறையை வேண்டுமென்றே ஊதிக் காட்டினார் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது கிரேக்க அரசியலுக்கே உரிய ஒரு கிளைக்கதை.

2010 ஏப்ரலில் சந்தையின் கதவு மூடியது. ஏப்ரல் 23 அன்று துருக்கிக் கரையை ஒட்டிய காஸ்டெலோரிசோ என்ற சிறு தீவிலிருந்து, பின்னால் நீலக் கடலும் மீன்பிடிப் படகுகளும் தெரிய, பாப்பன்ட்ரூ தொலைக்காட்சியில் பேசினார். மீட்புக் கடன் கேட்கப்போவதாக அறிவித்தார்.

முதல் ஒப்பந்தம்: யாருக்கு மீட்பு?

2010 மே 2 அன்று 11,000 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம் முடிந்தது. யூரோ நாடுகள் 8,000 கோடி, சர்வதேச நாணய நிதியம் 3,000 கோடி. நிதியத்தின் பங்கு, அதில் கிரேக்கத்துக்குரிய பங்குத்தொகையைப் போல 32 மடங்குக்கும் மேல். அதுவரை எந்த நாட்டுக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, நாணய நிதியம் மூன்றும் சேர்ந்து மேற்பார்வையிடும் என்றானது. ஏதென்ஸ் தெருக்களில் அதற்கு ‘ட்ரோய்கா’ என்று பெயர், ஒப்பந்தத்துக்கு ‘மெமோராண்டம்’ என்று பெயர். இரண்டும் சில மாதங்களில் வசைச் சொற்களாயின.

நிபந்தனைகள் கடுமையானவை. அரசு ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டது. ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் காலங்களில் கொடுக்கப்பட்டு வந்த 13ஆவது, 14ஆவது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெருமளவு போயின. மதிப்புக்கூட்டு வரி மார்ச்சில் 19இலிருந்து 21 சதவீதமாகவும், ஜூலையில் 23 சதவீதமாகவும் ஏறியது. மே 5 அன்று ஏதென்ஸில் நடந்த பெரும் ஊர்வலத்தின்போது ஒரு வங்கிக் கிளைக்குத் தீ வைக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தனர். மறுநாள் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கடனைத் திருப்பிக் கட்ட முடியும் என்று கொடுத்தவர்களே நம்பினார்களா என்பது. நாணய நிதியத்தின் விதிப்படி, கடன் தாங்கக்கூடியது என்று பெரும்பாலும் உறுதியானால்தான் இவ்வளவு பெரிய தொகை கொடுக்கலாம். அந்த உறுதி இல்லை. எனவே, நெருக்கடி பிற நாடுகளுக்குப் பரவும் ஆபத்து இருந்தால் விதியைத் தளர்த்தலாம் என்று, கடனுக்கு ஒப்புதல் தந்த அன்றே விதி திருத்தப்பட்டது. நிதியத்தின் நிர்வாகக் குழுவில் பிரேசில் பிரதிநிதி, இது கிரேக்கத்தை மீட்பதல்ல, கிரேக்கத்துக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகளை மீட்பது என்று பொருள்படப் பேசினார். இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த அர்விந்த் விர்மானியும் எச்சரித்தார். நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்க வழியில்லாத நாட்டில் இவ்வளவு பெரிய செலவுவெட்டு விலை, வேலை, வரி வருவாய் மூன்றையும் ஒன்றையொன்று இழுத்து விழச் செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கூட்டத்தின் குறிப்புகள் பின்னாளில் கசிந்தபோதுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது.

கடனில் ஒரு பகுதியைக் கழித்துவிடும் யோசனை 2010இல் எழாமல் இல்லை. எழுந்தவுடன் அமுக்கப்பட்டது. அயல்நாட்டு வங்கிகளில் கிரேக்கப் பத்திரங்களை அதிகம் வைத்திருந்தவை பிரெஞ்சு, ஜெர்மானிய வங்கிகள். 2008 நெருக்கடியில் அடிபட்டுக் கிடந்த அவற்றின்மேல் இன்னொரு நஷ்டத்தை ஏற்ற பாரிஸுக்கும் பெர்லினுக்கும் துணிவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியும் எதிர்த்தது. விளைவாக, முதிர்ந்த பத்திரங்களுக்கெல்லாம் முழுத் தொகை கொடுக்கப்பட்டது. தனியார் வங்கிகள் மெல்ல வெளியேறின. அவர்களுடைய இடத்தில் ஐரோப்பிய நாடுகளின் வரி செலுத்துவோர் வந்து நின்றார்கள். 2015இல் ஜெர்மானிய, ஸ்லோவாக்கிய, பின்லாந்து வாக்காளர்களின் கோபம் கிரேக்கர்மேல் திரும்பியதற்கு விதை இங்கேதான் விழுந்தது. தங்கள் வங்கிகளுக்குக் கொடுத்த பணம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பெர்லினின் ஈஎஸ்எம்டி மேலாண்மைப் பள்ளி 2016இல் வெளியிட்ட ஆய்வு, முதல் இரண்டு மீட்புக் கடன்களில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பணமே கிரேக்க அரசின் செலவுக்குப் போனது, மீதி பழைய கடனுக்கும் வட்டிக்கும் வங்கிகளுக்கும் போனது என்று கணக்கிட்டது. இது கிரேக்கத் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு. ஆனால் 2009இல் வட்டியைக் கழித்துப் பார்த்தாலும் அரசின் பற்றாக்குறை உற்பத்தியில் 10 சதவீதம் அளவுக்கு இருந்தது. மீட்புக் கடன் இல்லாமல் திவாலாகியிருந்தால், அந்தப் பத்துச் சதவீதச் செலவை ஒரே நாளில் நிறுத்த வேண்டியிருந்திருக்கும். இரண்டும் உண்மை.

கணிப்புகள் பொய்த்தன. 2012இல் பொருளாதாரம் 1.1 சதவீதம் வளரும் என்றது 2010இன் திட்டம். அது ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கியது. வேலையின்மை 15 சதவீதம் இருக்கும் என்றது திட்டம். அது 25 சதவீதத்தை எட்டியது. அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் உற்பத்தி அரை யூரோ குறையும் என்ற அனுமானத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் குறைந்தது அதைவிட மிக அதிகம் என்று நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூனில் நிதியமே தன் முதல் கிரேக்கத் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் உண்டு என்று ஒப்புக்கொண்டது.

அதற்குள் இரண்டாம் ஒப்பந்தம் வந்துவிட்டது. 2011 அக்டோபர் இறுதியில் தனியாரிடம் உள்ள பத்திரங்களில் பாதியைக் கழிக்க ஐரோப்பியத் தலைவர்கள் சம்மதித்தார்கள். கூடவே புது நிபந்தனைகள். பாப்பன்ட்ரூ அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடப்போவதாகச் சொன்னார். கான் நகரில் ஜி-20 மாநாட்டுக்கு வந்திருந்த ஜெர்மானியச் சான்சலர் மெர்கலும் பிரெஞ்சு அதிபர் சார்கோசியும் அவரை வரவழைத்து, வாக்கெடுப்பென்றால் யூரோவில் இருப்பதா வேண்டாமா என்பதே கேள்வி என்றார்கள். சில நாட்களில் வாக்கெடுப்பும் போனது, பாப்பன்ட்ரூவும் போனார். ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர் லூகாஸ் பாப்படெமோஸ், தேர்தலில் நிற்காமலேயே பிரதமரானார்.

2012 மார்ச்சில் தனியார் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் கழிக்கப்பட்டது. கடன் 10,000 கோடி யூரோவுக்கும் மேல் குறைந்தது. வரலாற்றில் அதுவரை நடந்த மிகப் பெரிய கடன் மறுசீரமைப்பு அது. ஆனால் இரண்டு ஆண்டு தாமதமாக வந்தது. வெளியேற முடிந்த அயல்நாட்டு வங்கிகள் பல வெளியேறியிருந்தன. அடிபட்டவர்களில் கிரேக்க வங்கிகளும் கிரேக்க ஓய்வூதிய நிதிகளும் முக்கியமானவை. அந்த வங்கிகளைத் தூக்கி நிறுத்த மறுபடி கடன் வாங்கவேண்டி வந்தது. அதே ஆண்டு குறைந்தபட்ச மாத ஊதியம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாகச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. 2013இல் இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையற்றிருந்தனர். 2008இலிருந்து உற்பத்தியில் கால்வாசி காணாமற் போயிருந்தது. போர் நடக்காத ஒரு பணக்கார நாட்டில் இவ்வளவு வீழ்ச்சி அரிது. படித்தவர்கள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள். நெருக்கடி ஆண்டுகளில் வெளியேறியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

2015: வாக்கும் ரொக்கமும்

2015 ஜனவரி 25 அன்று தீவிர இடதுசாரிக் கூட்டணியான சிரிசா வென்றது. 40 வயது அலெக்ஸிஸ் சிப்ராஸ் பிரதமர். பொருளாதாரப் பேராசிரியர் யானிஸ் வரூஃபாகிஸ் நிதியமைச்சர். மெமோராண்டத்தைக் கிழிப்போம், ஆனால் யூரோவிலேயே இருப்போம் என்பது வாக்குறுதி. இந்த இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பதுதான் அடுத்த ஆறு மாதக் கதை.

பிப்ரவரி 4 அன்றே ஐரோப்பிய மத்திய வங்கி, கிரேக்க அரசுப் பத்திரங்களை ஈடாக ஏற்று வங்கிகளுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தியது. அதன்பின் கிரேக்க வங்கிகளுக்கு மிஞ்சியது ‘அவசரகாலப் பணவுதவி’ என்ற ஒரே வழி. அதன் உச்சவரம்பை ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் பிராங்ஃபர்ட் நகரில் வாரந்தோறும் முடிவு செய்தார்கள். மக்கள் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பருக்கும் 2015 ஜூனுக்கும் இடையில் 4,000 கோடி யூரோவுக்கு மேல் வெளியேறியது. எடுத்த ஒவ்வொரு யூரோவுக்கும் ஈடாக அவசரகால வரம்பு உயர வேண்டும். சிப்ராஸ் அரசின் ஆயுள் அந்த வரம்பில் இருந்தது. அவர் அதைத் தாமதமாக உணர்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அரசுக் கருவூலம் வறண்டது. ஏப்ரலில் நகராட்சிகளும் பொது அமைப்புகளும் தங்கள் கையிருப்பை மத்திய வங்கிக்கு மாற்ற வேண்டும் என்று ஆணை வந்தது. மே 12 அன்று நாணய நிதியத்துக்குக் கட்ட வேண்டிய 75 கோடி யூரோவில் பெரும்பகுதியை, நிதியத்திலேயே கிரேக்கம் வைத்திருந்த அவசர இருப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். ஜூன் மாதத் தவணைகளையெல்லாம் ஒன்றாக்கி மாதக் கடைசியில் கட்டுவதாகச் சொன்னார்கள். முன்பு ஜாம்பியா பயன்படுத்திய சலுகை அது.

பேச்சுவார்த்தை முறியும் நிலையில், ஜூன் 27 நள்ளிரவு கடந்து, சிப்ராஸ் பொதுவாக்கெடுப்பை அறிவித்தார். மறுநாள் ஐரோப்பிய மத்திய வங்கி அவசரகால வரம்பை உயர்த்த மறுத்தது. வரம்பு 8,900 கோடி யூரோ அளவில் உறைந்தது. ஜூன் 29 முதல் வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ. இருபது யூரோ நோட்டுகள் தீர்ந்துபோன இடங்களில் அது நடைமுறையில் 50 ஆனது. அட்டை இல்லாத முதியவர்களுக்காகச் சுமார் ஆயிரம் கிளைகள் மட்டும் திறந்து, தலைக்கு 120 யூரோ கொடுத்தார்கள். ஜூன் 30 அன்று நிதியத்துக்குக் கட்ட வேண்டிய ஏறத்தாழ 155 கோடி யூரோ கட்டப்படவில்லை. நிதியத்திடம் தவணை தவறிய முதல் வளர்ந்த நாடு கிரேக்கம்.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி, ஜூன் 25 அன்று மூன்று அமைப்புகளும் முன்வைத்த, நீண்ட தலைப்புகள் கொண்ட இரண்டு ஆவணங்களை ஏற்கலாமா என்பது. அதில் ‘இல்லை’ மேலேயும் ‘ஆம்’ கீழேயும் அச்சாகியிருந்தன. வாக்கெடுப்பு நடக்கும்போது அந்த முன்மொழிவே காலாவதியாகியிருந்தது, ஏனென்றால் இரண்டாம் திட்டம் ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. ஜூலை 5 அன்று 61.3 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றனர்.

‘இல்லை’ என்ற பிறகு என்ன என்பதற்கு அரசிடம் ஏற்பாடு இல்லை. யூரோவை விட்டு வெளியேற ஒப்பந்தத்தில் வழியே எழுதப்படவில்லை. டிராக்மாவை அச்சிட மாதங்கள் ஆகும். பெரும்பான்மை மக்கள் யூரோவை விட விரும்பவில்லை என்று கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டின. மூடிய வங்கிகளில் ரொக்கம் நாள்கணக்கில் கரைந்துகொண்டிருந்தது. ஜூலை 6 அன்று வரூஃபாகிஸ் விலகினார், யூக்ளிட் சக்கலோடோஸ் வந்தார். அந்த வார இறுதிக்குள் மக்கள் நிராகரித்த முன்மொழிவை ஒத்த ஒரு திட்டத்தை அரசே எழுதி பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பியது.

ஆனால் விலை ஏறியிருந்தது. ஜெர்மானிய நிதியமைச்சர் வொல்ஃப்காங் ஷொய்பிளவின் அமைச்சகம் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்திருந்தது. 5,000 கோடி யூரோ பெறுமான அரசுச் சொத்துகளை லக்சம்பர்க்கில் உள்ள ஒரு நிதிக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் ஐந்தாண்டுகளுக்கு யூரோவிலிருந்து ‘ஒதுங்கி’ இருக்க வேண்டும். பின்லாந்து, ஸ்லோவாக்கியா, பால்டிக் நாடுகள் ஜெர்மனியின் பக்கம் நின்றன. அவர்கள் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. கிரேக்கத்தைவிடக் குறைந்த ஓய்வூதியம் பெறும் தங்கள் நாட்டு முதியவர்களின் வரிப்பணம் ஏன் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பிரான்ஸும் இத்தாலியும் கிரேக்கத்தை விடக்கூடாது என்றன.

ஜூலை 12, ஞாயிறு மாலை கூடிய யூரோ நாடுகளின் தலைவர்கள் மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில்தான் கலைந்தார்கள். பதினேழு மணி நேரம். கடைசிவரை இழுபறியானது சொத்து நிதி. அது லக்சம்பர்க்கிலா ஏதென்ஸிலா? வரும் பணத்தில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு முதலீட்டுக்கு? மெர்கல், பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்த், சிப்ராஸ், ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் ஆகிய நால்வரும் தனியறையில் பேசி முடித்தார்கள். நிதி ஏதென்ஸில் இருக்கும். 5,000 கோடியில் பாதி வங்கி மூலதனத்துக்கு, கால் பங்கு கடனுக்கு, கால் பங்கு முதலீட்டுக்கு. 2011இலும் தனியார்மயத்துக்கு இதே 5,000 கோடி இலக்கு வைத்து, அதில் சிறு பகுதிகூடச் சரியாக வசூலாகவில்லை என்பதை அந்த அறையில் இருந்த அனைவரும் அறிவர்.

பதிலுக்கு மூன்றாண்டுகளில் 8,600 கோடி யூரோ வரை புதுக் கடன். அதைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே ஜூலை 15க்குள் நான்கு சட்டங்கள் நிறைவேற வேண்டும்: மதிப்புக்கூட்டு வரி மாற்றம், ஓய்வூதியச் சீர்திருத்தம், புள்ளியியல் அலுவலகத்தின் சுதந்திரம், இலக்குத் தவறினால் செலவைத் தானாக வெட்டும் ஏற்பாடு. ஜூலை 22க்குள் இன்னும் இரண்டு. உணவகங்களுக்கான வரி 13இலிருந்து 23 சதவீதமாயிற்று. தீவுகளுக்கான வரிச் சலுகை படிப்படியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது, மருந்துக் கடையை யார் நடத்தலாம், எத்தனை நாள் பாலைப் ‘புதிய பால்’ என விற்கலாம், ரொட்டிக் கடை விதிகள் என்பவைகூட ஒப்பந்தத்துக்குள் வந்தன. 1898இன் ஆணையம் சீட்டுக்கட்டு வருவாயோடு நின்றது. இதுவோ எந்த முக்கிய மசோதாவையும் பொதுமக்களிடமோ நாடாளுமன்றத்திடமோ வைப்பதற்கு முன் கடன் கொடுத்த அமைப்புகளிடம் கலந்து சம்மதம் பெற வேண்டும் என்றது. பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்களுக்குத் தந்த உறுதிமொழிக்கு மாறாகச் சிரிசா அரசு இயற்றிய சட்டங்களை, வறியோருக்கான நிவாரணச் சட்டம் நீங்கலாக, திரும்பப் பார்க்கவும் சொன்னது.

ஜூலை 15 இரவு நாடாளுமன்றத்துக்கு வெளியே, சின்டாக்மா சதுக்கத்தில், பெட்ரோல் குண்டுகள் பறந்தன. உள்ளே சிப்ராஸ், இந்த ஒப்பந்தத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை என்று பேசினார். 229 பேர் ஆதரித்தனர், 64 பேர் எதிர்த்தனர். சிரிசாவின் 149 உறுப்பினர்களில் 32 பேர் எதிர்ப்பில் இருந்தனர். வரூஃபாகிஸும் சபாநாயகர் ஜோயி கொன்ஸ்தாந்தோபூலுவும் அவர்களில் அடக்கம். எதிர்க்கட்சிகளின் வாக்கில்தான் மசோதா கரையேறியது. உடனே 716 கோடி யூரோ இடைக்காலக் கடன் வந்தது. வந்த பணம் ஜூலை 20 அன்று ஐரோப்பிய மத்திய வங்கிக்கும் நாணய நிதியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றே வங்கிகளும் திறந்தன. வாரத்துக்கு 420 யூரோ எடுக்கலாம்.

இந்த நேரத்தில் நாணய நிதியம் இன்னொரு ஆவணத்தை வெளியிட்டது. கிரேக்கத்தின் கடன் இரண்டு ஆண்டுகளில் உற்பத்தியைப் போல இரு மடங்கை நெருங்கும், ஐரோப்பா கடனைப் பெருமளவு தளர்த்தாமல் இது தாங்காது என்றது அது. 2010இல் விதியைத் தளர்த்திக் கடன் கொடுத்த அதே நிதியம், மூன்றாம் திட்டத்தில் பணம் போடாமலே ஒதுங்கியது. கடன் கழிப்புக்கு ஜெர்மனி இணங்கவில்லை. ஜெர்மனியின் சொந்தக் கடனில் ஏறத்தாழ பாதி 1953இன் லண்டன் உடன்பாட்டில் கழிக்கப்பட்டதும், அதில் கையெழுத்திட்ட நாடுகளில் கிரேக்கமும் ஒன்று என்பதும் ஏதென்ஸ் நாளிதழ்களில் பலமுறை எழுதப்பட்டன.

கணக்கு முடிந்த விதம்

மூன்றாம் ஒப்பந்தம் ஆகஸ்ட் 14 அன்று நிறைவேறியது. ஆகஸ்ட் 20 அன்று சிப்ராஸ் பதவி விலகி, செப்டம்பர் 20 தேர்தலில் மறுபடி வென்றார். ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரிந்தவர்களின் கட்சி, நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 3 சதவீதத்தை எட்டவில்லை. ‘இல்லை’ என்று வாக்களித்த மக்கள் இரண்டே மாதத்தில் கையெழுத்திட்டவரையே தேர்ந்தெடுத்ததைத் துரோகத்தின் வெற்றி என்று சிலரும், பக்குவம் என்று சிலரும் எழுதினார்கள். பழைய கட்சிகளிடம் திரும்ப அவர்களுக்கு மனமில்லை என்பதே பொருத்தமான விளக்கம். வாக்களிக்க வந்தவர்களும் 57 சதவீதத்துக்குக் குறைவு.

தீவுகளையும் வட நகரங்களையும் சேர்ந்த 14 விமான நிலையங்களை ஜெர்மனியின் ஃப்ராபோர்ட் தலைமையிலான கூட்டமைப்பு 123 கோடி யூரோவுக்கு 40 ஆண்டுக் குத்தகை எடுத்தது. பிரேயஸ் துறைமுக நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு 2016இல் சீனாவின் காஸ்கோவிடம் போனது. 1898இல் சுங்கம் பிடிக்கப்பட்ட அதே துறைமுகம்தான். சொத்து நிதி 99 ஆண்டு ஆயுளோடு நிறுவப்பட்டது. வரிகள் மேலும் ஏறின. மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதமானது. 2016இல் வட்டி நீங்கலான உபரி அரை சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டது. அரசு அதைப் போலப் பல மடங்கு உபரியைக் காட்டியது. இடதுசாரி அரசு, கேட்டதற்கு மேலேயே பிழிந்தது.

2018 ஜூனில் யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் இறுதித் தளர்வைத் தந்தார்கள். அசலில் ஒரு காசும் கழிக்கவில்லை. இரண்டாம் திட்டக் கடன்களுக்கான தவணைக் காலம் பத்தாண்டு நீண்டது. அவற்றின் வட்டியும் பத்தாண்டு தள்ளிப்போனது. பதிலுக்கு 2022 வரை ஆண்டுதோறும் 3.5 சதவீதமும், அதன்பின் 2060 வரை சராசரியாக 2.2 சதவீதமும் உபரி காட்ட கிரேக்கம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 20 அன்று திட்டம் முடிந்தது. மறுநாள் சிப்ராஸ் ஒடிசியஸின் தீவான இதாகாவுக்குப் போய், நாடு வீடு திரும்பிவிட்டதாக உரையாற்றினார். எட்டு ஆண்டுகளில் மூன்று திட்டங்களிலும் சேர்த்து வந்த கடன் 28,870 கோடி யூரோ. அப்போது மொத்தக் கடன் உற்பத்தியில் 180 சதவீதத்துக்கும் மேல், அதாவது மீட்பு தொடங்கிய 2010ஐவிட அதிகம்.

2019 ஜூலையில் சிப்ராஸ் தேர்தலில் தோற்றார். பணத்தின் மீதான கட்டுப்பாடுகள் அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று முற்றிலும் நீங்கின. நாணய நிதியத்தின் கடன் 2022 ஏப்ரலில் காலத்துக்கு முன்பே அடைக்கப்பட்டது. ஐரோப்பாவின் கூடுதல் கண்காணிப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. 2023 அக்டோபரில் எஸ் அண்ட் பி நிறுவனம் கிரேக்கப் பத்திரங்களை மறுபடி முதலீட்டுத் தரத்துக்கு உயர்த்தியது. அந்த ஆண்டிலும் நாட்டின் உற்பத்தி 2008இன் அளவை எட்டவில்லை. இரண்டாம் திட்டக் கடன்களின் கடைசித் தவணை 2070இல் வருகிறது.